ஷட்டர் மாமா பதில்கள்

இந்த இதழ் முழுக்க ஒரே சங்கதி: வீடியோ கேம் ஸ்கிரீன்ஷாட்டில் லாங் எக்ஸ்போஷர். கேள்விகள் குவிந்துவிட்டன. மாமா தயார்.

மதுரை மாணவர்: லாங் எக்ஸ்போஷர் என்றால் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பது. கேமில் ஷட்டரே கிடையாது. எதைத் திறப்பது, மாமா?

முதலில் காதைத் திற, மாப்பிள்ளை. கேம் உனக்குக் காட்டுவது நொடிக்கு 60 தனித்தனிப் படம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கணம். அந்தக் கணத்துக்கு நீளமே கிடையாது. நிஜக் கேமரா எவ்வளவு அவசரப்பட்டாலும் நொடியில் ஒரு துளியாவது திறந்து மூடும். கேமின் கேமரா திறப்பதே இல்லை.

ஆகவே கணங்களை நாம் சேர்க்கிறோம். கேமராவை அசையாமல் நிறுத்தி நூறு, இருநூறு ஃபிரேம் எடு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பிக்ஸல் பிக்ஸலாகச் சராசரி போடு. நின்றது நிற்கும், ஓடியது வழியும். சென்சார் பார்க்கும் கூட்டல் வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. சம்பளமும் கேட்பதில்லை.

திருச்சி வாசகர்: போட்டோ மோடில் போய் நூறு படம் எடுத்து அடுக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. எங்கே கோளாறு?

போட்டோ மோடு நேரத்தை நிறுத்திவிடும். நீ எடுத்தது ஒரு படம், மிச்சம் 99 நகல். சராசரி சரியாகத்தான் வந்திருக்கிறது.

கேமை ஓடவிட்டு எடு. ரீப்ளே வசதி இருந்தால் இன்னும் விசேஷம்: நடந்தது மாறாது, கேமராவை மட்டும் பிடித்த இடத்தில் வைக்கலாம். ஜி.டி.ஏ. 5-இன் பி.சி. பதிப்பு 2015-இல் வந்தபோதே ராக்ஸ்டார் எடிட்டரும் கூடவே வந்தது. ராத்திரி ஒரு நாற்சந்தியைப் பதிவுசெய். கேமராவை ஓரமாக நிறுத்து. கிளிப்பின் வேகத்தைக் குறைத்து வீடியோவாக எடுத்துக்கொள். அந்தக் கேமின் ஊரான லாஸ் சான்டோஸில் போலீஸ் எதற்கெடுத்தாலும் சுடும். டிரைபாடுக்கு மட்டும் சுடாது.

சேலம் வாசகி: நேரத்தை நிறுத்தாத போட்டோ மோடே உலகத்தில் இல்லையா?

இருக்கிறது, மருமகளே. பெயர் கோஸ்ட் ஆஃப் சுஷிமா. 2020-இல் சக்கர் பஞ்ச் செய்த கேம். அதன் போட்டோ மோடில் நாயகன் ஜின் சாகாய் வாளோடு உறைந்து நிற்பான். புல் மட்டும் ஆடும், இலை பறக்கும். காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வீசவேண்டும் என்பதையும் நீயே சொல்லலாம்.

நிஜ உலகத்தில் இதே படம் வேண்டுமென்றால் ஆளை மூச்சுக்கூட விடாமல் நிற்கச் சொல்லவேண்டும், காற்றிடம் கெஞ்சவேண்டும். இங்கே நாயகன் சிலை, உலகம் ஓட்டம். நாணல்காட்டில் வைத்து இரண்டு நொடிக்கான ஃபிரேம்களை அடுக்கிப் பார். வெள்ளைப் பூ அத்தனையும் புகையாகும், வாளின் நுனி ஊசியாக நிற்கும். இந்த வேலைக்கென்றே ஒரு கேம் செய்யச் சொல்லியிருந்தால் மாமா இதைத்தான் கேட்டிருப்பேன்.

ஈரோடு பல் டாக்டர்: இதையெல்லாம் கேமுக்குள்ளேயே ஒரே பொத்தானில் முடிக்க வழி?

பி.சி.யில் உண்டு, டாக்டர். ரீஷேட் என்ற இலவச மென்பொருள். கேம் வரைந்த படம் திரைக்கு வருமுன் நடுவில் புகுந்து மாற்றும். அதற்குள் போடும் ஷேடர்களில் ‘ரியல் லாங் எக்ஸ்போஷர்’ என்று ஒன்று இருக்கிறது. எத்தனை நொடி என்று சொல்லித் தொடங்கிவிட்டால், ஓடும் ஃபிரேம்களைத் தானே கூட்டி முடிவைத் திரையில் வைக்கும். எடுத்துக்கொள்ளவேண்டியதுதான் பாக்கி. மயக்க ஊசிகூட வேண்டாம்.

கோவை வாசகர்: ஏன் இவ்வளவு பாடு? ஒரே ஸ்கிரீன்ஷாட்டை ஃபோட்டோஷாப்பில் போட்டு மோஷன் பிளர் இழுத்துவிட்டால் போயிற்றே!

போயிற்றுதான். படமே போயிற்று.

பிளர் என்ன செய்யும்? ஒரே படத்தை ஒரே கோட்டில் இழுக்கும். அதற்கு அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுக்கிய படத்துக்கு எல்லாம் தெரியும். டிரைவர் பிரேக் மிதித்த இடத்திலிருந்து சிவப்புக் கோடு தடிக்கும். இண்டிகேட்டர் போட்டிருந்தால் ஆரஞ்சு நிறம் விட்டுவிட்டு விழும். ரோட்டில் மேடு இருந்தால் கோடு அங்கே ஒரு குதி குதிக்கும். சிக்னலில் நின்ற வண்டியின் பாதி உருவம் ஆவியாகத் தெரியும், ஏனென்றால் பாதி நேரம்தான் அது அங்கே நின்றது.

இதில் ஒரு புள்ளிகூட யாரும் வரைந்ததில்லை. அந்த நொடிகளில் அந்தத் தெருவில் என்ன நடந்ததோ அது விழுந்திருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பாடு. பாடு வேண்டாம் என்றால் வால்பேப்பர் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

சென்னை ஐ.டி. ஊழியர்: ஹெட்லைட் கோடு வரவேயில்லை, மாமா. புள்ளி புள்ளியாக வருகிறது.

கணக்குப் போடுவோம். வண்டியின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். நொடிக்கு 20 மீட்டர். நீ எடுப்பது நொடிக்கு 60 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வண்டி 33 சென்டிமீட்டர் தாவிவிடுகிறது. ஹெட்லைட்டின் அகலம் 20 சென்டிமீட்டர் என்று வை. மிச்சம் 13 சென்டிமீட்டர் இருட்டு. அதுதான் உன் புள்ளிக்கு நடுவே உள்ள ஓட்டை.

மருந்து: கேமின் வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கு. திரையில் அதே 60 ஃபிரேம்தான், ஆனால் கேமின் ஒரு நொடிக்கு 600. தாவல் 3.3 சென்டிமீட்டராகச் சுருங்கும். விளக்கு விளக்கின்மேலேயே விழும். கோடு ஒட்டிக்கொள்ளும்.

கிராஃபிக்ஸ் கார்டு மாற்றவேண்டுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்கத் துடிப்பாய். வேண்டாம். பழைய கார்டு நொடிக்கு 20 ஃபிரேம்தான் தள்ளுகிறதா? வேகத்தை முப்பதில் ஒன்றாக்கு. இந்தக் கலையில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் வித்தியாசம் பொறுமை மட்டும்தான்.

அதே ஊழியர், அடுத்த மின்னஞ்சல்: கேமின் வேகத்தை எப்படிக் குறைப்பது?

கேமைப் பொறுத்தது. ஸ்கைரிம் கைவசம் இருந்தால் நீ ராஜா. எண் 1-க்கு இடப்பக்கக் கட்டையைத் தட்டினால் கட்டளைப் பலகை திறக்கும். டி.எஃப்.சி. என்று அடித்தால் கேமரா ஆளைவிட்டுக் கழன்று பறக்கும். எஸ்.ஜி.டி.எம். போட்டு 0.1 என்றால் உலகமே பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகரும். டி.எம். என்றால் திரையில் உள்ள பட்டை, அம்பு எல்லாம் மறையும்.

டி.எம்.-ஐக் கடைசியில் அடி. அது கட்டளைப் பலகையையும் சேர்த்தே மறைத்துவிடும். திரும்ப வரவழைக்கக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதுபோல் அடிக்கவேண்டும்.

ஹாஃப்-லைஃப் 2 மாதிரி சோர்ஸ் எஞ்சின் கேம்களில் ஹோஸ்ட் டைம்ஸ்கேல் என்ற கட்டளை, சீட்ஸைத் திறந்தபிறகு. எதுவுமே இல்லாத கேமுக்கு சீட் எஞ்சினின் ஸ்பீடுஹேக். அடுத்த கேள்வியையும் படித்துவிட்டு அதைத் தொடு.

திருநெல்வேலி வாசகர்: சீட் எஞ்சினை ஆன்லைன் மேட்ச்சில் போட்டால்?

படம் வராது, அக்கவுண்ட் போகும். நீ அருவியைப் படமெடுத்தாயா, ஆளைக் குறிவைத்தாயா என்று ஆன்ட்டி-சீட் விசாரிக்காது. ரீஷேட்டே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது: அதன் வழக்கமான பதிப்பு, நெட்வொர்க் ஓட்டம் கண்டால் ஆழத் தகவலைக் கேமிலிருந்து எடுப்பதை நிறுத்திவிடும். மென்பொருளுக்கு இருக்கும் புத்தி நமக்கும் இருக்கட்டும். தனியாள் கேமில் மட்டும் வைத்துக்கொள்.

பெங்களூரு வாசகி: 300 ஃபிரேம் சராசரி போட்டேன். ரோடு அருமை. வண்டியும் இல்லை, வெளிச்சமும் இல்லை!

இந்த இதழின் தலைசிறந்த கேள்வி. உட்காருங்கள், மருமகளே.

ஒரு பிக்ஸலை மட்டும் பாருங்கள். 300 ஃபிரேமில் மூன்றில்தான் ஹெட்லைட் அதன்மேல் விழுந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் வெளிச்சத்தின் உச்சவரம்பு 255. மூன்று தடவை 255, மற்ற 297 தடவை இருட்டு. சராசரி 2.55. கறுப்புதான்.

நிஜக் கேமராவில் ஏன் கோடு விழுகிறது? நிஜ ஹெட்லைட் ரோட்டைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசம். நூறில் ஒரு பங்கு நேரம் பட்டாலும் சென்சார் நிரம்பிவிடும். கேம் என்ன செய்தது? அந்தப் பல ஆயிரத்தையும் 255-இல் வெட்டித்தான் உங்களுக்குத் தந்தது. கூட்டுவதற்கு முன்பே தலை போய்விட்டது.

வழி இரண்டு. ஹெச்.டி.ஆரில் பிடித்தால் வெட்டு குறையும். அது முடியாவிட்டால் சராசரியை விட்டுவிட்டு உச்சத்தை எடுங்கள்: ஒவ்வொரு பிக்ஸலுக்கும் 300-இல் எது மிகப் பிரகாசமோ அது. ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் லைட்டன் என்று இருக்கும். வெளிச்சக் கோடுக்கு உச்சம், தண்ணீருக்கும் மேகத்துக்கும் சராசரி. இரண்டையும் தனித்தனியாகச் செய்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பெங்களூர் டிராஃபிக்கே அழகாகத் தெரியும்.

காரைக்குடி வாசகர்: சராசரி போட்டாலே படம் சேறு பூசினமாதிரி மங்குகிறதே?

காமா. ஸ்கிரீன்ஷாட்டில் 128 என்பது பாதி வெளிச்சம் இல்லை. ஏறக்குறைய 22 சதவீதம்தான். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டையும் சராசரி போட்டால் 188 வரவேண்டும். அப்படியே எண்களைக் கூட்டி வகுத்தால் 128 வரும். ஆகவே முதலில் லீனியராக மாற்று, பிறகு கூட்டு, கடைசியில் திரும்ப மாற்று. முடிவை 16 பிட்டில் சேமி. இல்லாவிட்டால் வானத்தில் பட்டை பட்டையாக விழும்.

புதுச்சேரி வாசகர்: எல்லாம் வழிந்து ஓடுகிறது, மூலையில் ‘ரவை 27’ மட்டும் பளிச்சென்று நிற்கிறது!

அதுதான் அசையவில்லையே. திரைமேல் எண்ணும் பட்டையும் காட்டும் ஹட்-ஐ அணைத்துவிட்டு எடு. இல்லாவிட்டால் 27-ஐயும் சுட்டுவிடு.

தஞ்சாவூர் வாசகர்: எந்தக் கேமை நிறுவினாலும் நான் முதலில் அணைப்பது மோஷன் பிளர். நீங்கள் அதையே கொண்டாடுகிறீர்கள்!

விளையாடும்போது அணைத்தது சரி. ஓடுவதை உன் கண்ணே பின்தொடரும். கேம் வேறு தனியாக மங்கலாக்க வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் பின்தொடர ஒன்றுமில்லை.

அடுக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. வேகத்தைக் குறைத்து எடுத்தால் பிளரை அணை. 600 ஃபிரேம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். வேகத்தைக் குறைக்க வழியில்லாத கேம் என்றால் பிளரைப் போட்டுவை. ஃபிரேமுக்கு நடுவிலுள்ள ஓட்டையில் கொஞ்சத்தை அது அடைக்கும். எதிரியையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாண வாசகர்: மைன்கிராஃப்டிலை நட்சத்திரக் கோடு எடுக்க ஏலுமோ, மாமா?

ஏலும், மருமகனே. நிஜ வானத்தைவிடச் சுகமாக ஏலும்.

பூமியின் வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. மைன்கிராஃப்டில் ஒரு நாள் என்பது 20 நிமிடம். அதனால் அங்கே நிமிடத்துக்கு 18 டிகிரி. நம் வானத்தைவிட 72 மடங்கு வேகம். 30 டிகிரிக் கோட்டுக்கு வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மணி நேரம் கொசுக்கடி. அங்கே 100 நொடி.

வடக்குப் பார்த்து நில். எஃப்1 தட்டினால் திரை சுத்தமாகும். மேகத்தை அணைத்துவிடு, அது மேற்கே போய்க்கொண்டே இருந்து கோட்டை அழிக்கும். வீடியோ எடுத்து உச்சம் போடு. எல்லாக் கோடும் ஒரு மையத்தைச் சுற்றி வளையும். அந்த மையம் எங்கே விழுகிறது என்று கவனி: சரியாக அடிவானத்தில். சூரியன் கிழக்கே எழுந்து உச்சந்தலைக்கு மேலேயே போய் மேற்கே விழுவதால், மைன்கிராஃப்டின் பூமி முழுக்கப் பூமத்திய ரேகைதான். உன் ஊர் வானத்தில் மையம் 10 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், சென்னையில் 13. அட்சரேகை எவ்வளவோ, துருவ நட்சத்திரம் அவ்வளவு உயரம்.

சதுர நட்சத்திரம் வட்டம் போடுவதைப் பார்க்கும் பாக்கியம் வேறெங்கும் கிடைக்காது. க்ரீப்பர் வராத மேட்டில் நில்.

நாகர்கோவில் வாசகர்: அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டியில் ஒரே கூட்டம். பாரிஸைக் காலியாக எடுக்கமுடியுமா?

1838-இலேயே ஒருவர் எடுத்துவிட்டார். லூயி தாகெர், பாரிஸின் பூல்வார் து தாம்ப்ல் தெருவை மேலிருந்து படமெடுத்தார். வெளிச்சம் பல நிமிடம் விழவேண்டிய காலம். தெருவில் போன வண்டி, குதிரை, ஜனம் ஒன்றும் பதியவில்லை. பதிந்தது ஓரமாக நின்று பூட்ஸுக்குப் பாலிஷ் போடவைத்துக்கொண்டிருந்த ஒருவர். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். நிஜப் பாரிஸைக் காலி செய்தது பொறுமைதான்.

உனக்கு இன்னும் கூர்மையான ஆயுதம் இருக்கிறது. சராசரி போட்டால் கூட்டம் மூடுபனியாக மிஞ்சும். அதனால் இடைநிலை அளவு போடு. பள்ளிக்கூடத்தில் படித்து, எதற்கென்று தெரியாமல் மறந்தாயே, அதேதான். ஒவ்வொரு பிக்ஸலிலும் பாதிக்கு மேற்பட்ட ஃபிரேமில் எது தெரிந்ததோ அது மிஞ்சும், நடந்துபோனவர் தடம்கூட இல்லாமல் மறைவார். ஃபிரேம்களை அடுத்தடுத்து எடுக்காதே, சில நொடி இடைவெளி விட்டு எடு. ஆட்கள் இடம் மாற அவகாசம் வேண்டும்.

மூலையில் அசையாமல் நின்று பேசும் ஆள் மட்டும் மிஞ்சுவான். அவனை அழிக்காதே. தாகெரின் தெருவிலும் ஒருவர் அப்படித்தான் நின்றார்.

சிங்கப்பூர் வாசகி: ஜெடை: ஃபாலன் ஆர்டரில் லைட்சேபரைச் சுழற்றி வெளிச்ச ஓவியம் வரைய ஆசை. நடக்குமா?

நடக்கும். அதில் ஒரு வில்லங்கம்: கேமரா ஆளின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிரித்து நிறுத்தும் ஃப்ரீ கேமரா முதலில் வேண்டும். பிறகு இருட்டான இடம், உச்சம் போட்டு அடுக்கு. இருட்டில் நிற்கும் ஆள் மறைவார், வாள் மட்டும் எழுதும்.

உங்களுக்கு முன்னோர் பெரியவர்கள். 1910-களில் ஃபிராங்க், லிலியன் கில்பிரத் தம்பதி தொழிலாளிகள் கையில் சின்ன பல்பு கட்டி, அந்தக் கை எங்கெங்கே போகிறது என்று ஒரே படத்தில் பதிந்தார்கள். வேலையில் வீண் அசைவைக் கண்டுபிடிக்க! 1949-இல் ஜியோன் மிலி என்ற புகைப்படக்காரர் பிக்காஸோ கையில் ஒரு விளக்கைக் கொடுத்தார். பிக்காஸோ காற்றில் வரைந்தார், ஃபிலிம் மட்டும் பார்த்தது. உங்கள் கையில் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: பிடிக்காவிட்டால் செக்பாயின்டிலிருந்து மறுபடி.

ஓசூர் இன்ஜினீயர்: கம்ப்யூட்டரில் இந்த அடுக்கும் யோசனை யாருடையது?

1990-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸில் இருந்த பால் ஹேபர்லி, கர்ட் ஏக்லி இருவரும் அக்யூமுலேஷன் பஃபர் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே காட்சியைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலமுறை வரை, கூட்டு, சராசரி போடு. அசைவின் மங்கல், ஃபோகஸின் மங்கல், ஓரத்தின் வழுவழுப்பு மூன்றும் ஒரே கடையில். அந்த யோசனை ஓபன்ஜி.எல்.லிலேயே இடம்பிடித்தது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதைக் கொண்டுவருகிறோம் என்று 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 2000-இல் வூடூ 5 அட்டையில் டி-பஃபர் வைத்தது. நாலு படத்தைக் கலக்கும். நாலு போதுமா? மாமா இதுவரை 600 என்று பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த வருடக் கடைசியிலேயே சொத்தை என்விடியாவுக்கு விற்கும் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

வேலூர் வாசகர்: என்.டி. ஃபில்டர் வேண்டாமா?

நிஜக் கேமராவில் பகல் அருவிக்குப் பத்து ஸ்டாப் கண்ணாடி மாட்டி வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒன்றாக்குவார்கள். சராசரியில் வகுத்தல் தானே நடக்கிறது. அந்தக் காசுக்கு ஹார்டு டிஸ்க் வாங்கு. 4கே ஃபிரேம் 600-ஐ அமுக்காமல் வைத்தால் ஏறக்குறைய 15 ஜி.பி. தின்னும்.

டொரான்டோ வாசகர்: என் நிஜக் கேமராவை மானிட்டர் எதிரே நிறுத்தி 10 நொடி திறந்து வைத்தால்?

பலே! அது அசல் லாங் எக்ஸ்போஷர்தான். ஃபோட்டான் வருகிறது, சென்சார் கூட்டுகிறது. அறை இருட்டு, மிகக் குறைந்த ஐ.எஸ்.ஓ., சின்ன துவாரம். திரையின் கட்டம் மீன்செதில் மாதிரி தெரிந்தால் ஃபோகஸை ஒரு மயிரிழை தளர்த்துங்கள். ஓ.எல்.இ.டி. திரை நல்லது, அதில்தான் கறுப்பு கறுப்பாக இருக்கும்.

ஹிரோஷி சுகிமோட்டோ 1970-களின் பிற்பகுதியில் சினிமா கொட்டகையில் கேமராவை வைத்து, முழுப்படம் ஓடி முடியும்வரை ஷட்டரைத் திறந்துவைத்தார். காதல், சண்டை, கண்ணீர் எல்லாம் கூடி வெள்ளைத் திரையாக முடிந்தது. அதன் வெளிச்சத்தில் கொட்டகை ஜொலித்தது. ஒரு கேமை முழுதாக முடிக்கும்வரை நீங்களும் திறந்து வைத்துப் பாருங்கள். பாஸ் ஃபைட்டில் தோற்ற நேரமும் அதில் சேரும்.

விருதுநகர் வாசகர்: பி.எஸ்.5 மட்டும்தான் இருக்கிறது. ரீஷேட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கிரான் டூரிஸ்மோ 7 போடு. அதன் ஸ்கேப்ஸில் 2500-க்கும் மேற்பட்ட நிஜ இடங்களின் படம் இருக்கிறது. காரை நிறுத்தி, ஓடும் வேகம் எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு என்று நீயே வைக்கலாம். பேனிங் வைத்தால் கார் கூர்மை, பின்னணி கோடு, சக்கரம் சுழி. இந்தத் தொடர் 2004-இல் நாலாம் பாகத்திலேயே போட்டோ மோடு கொடுத்து, பிரிண்டரையும் இணைக்கச் சொன்ன வம்சம்.

மற்ற கேமுக்கு ரிக்கார்டிங் பொத்தான் இருக்கிறதே. வீடியோவை பென்டிரைவில் எடுத்து வந்து பி.சி.யில் அடுக்கு. வீடியோவின் கட்டம் கட்டமான அழுக்கு சராசரியில் பெரும்பகுதி போய்விடும்.

தர்மபுரி வாசகர்: ரே டிரேசிங் போட்டால் இருட்டுப் பகுதியில் மணல் கொட்டியமாதிரி இருக்கிறது.

ஒவ்வொரு ஃபிரேமிலும் மணல் இடம் மாறுகிறதா? அப்படியானால் அசையாத காட்சியில் 16 ஃபிரேம் அடுக்கு, மணல் நாலில் ஒன்றாகும். 64 அடுக்கு, எட்டில் ஒன்று. வர்க்கமூலம் அதற்குமேல் கருணை காட்டாது.

கடலூர் வாசகர்: ஏ.ஐ.-யிடம் ‘ஹெட்லைட் கோடு போடு’ என்றால் இரண்டு நொடியில் போடுகிறது.

போகாத வண்டிக்கும் போடும். எனக்குப் போன வண்டி வேண்டும்.

திண்டுக்கல் ஸ்டூடியோக்காரர்: கேமில் எடுத்ததெல்லாம் புகைப்படமா? சிரிப்பாக இருக்கிறது.

சிரியுங்கள், அண்ணாச்சி, ஃபிரேமைப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள். எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது, எத்தனை நொடி, எதை நிற்கவிட்டு எதை ஓடவிடுவது: இந்த நாலும் உங்கள் தொழிலிலும் இதுதான், இங்கேயும் இதுதான். கேமில் எடுத்ததைக் கேமில் எடுத்தது என்று சொல்லி வைத்தால் யாரையும் ஏமாற்றவில்லை. நாலில் ஒன்று தப்பினாலும் படம் விழாது, இரண்டு இடத்திலும்.

பொள்ளாச்சி வாசகர்: இன்றைக்கே தொடங்கவேண்டும். காசு செலவில்லாமல்.

ஓ.பி.எஸ்.-இல் 60 ஃபிரேமில் பதிவுசெய், தரத்தை உச்சத்தில் வை. எஃப்.எஃப்.எம்பெக் வீடியோவைப் படங்களாகப் பிரிக்கும். இமேஜ்மேஜிக் சராசரி, உச்சம், இடைநிலை மூன்றும் போடும். கட்டளை அடிக்கப் பயமா? ஸ்டார்ஸ்டாக்ஸில் படங்களை இழுத்துப் போடு. நட்சத்திரத்துக்கென்று செய்தது, ஹெட்லைட்டுக்கும் முகம் சுளிக்காது. கோட்டின் சின்ன ஓட்டையை அடைக்கவும் வழி வைத்திருக்கிறது. நாலும் இலவசம்.

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா: என் மகன் ஒரு மணி நேரமாகக் கம்ப்யூட்டரில் ஒரே அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சுடவும் இல்லை, ஓடவும் இல்லை. பயமாக இருக்கிறது, தம்பி.

பயப்படாதீர்கள், அக்கா. அவன் தண்ணீரைப் பட்டாக்குகிறான். கேமின் அருவி என்பது பெரும்பாலும் ஒரு துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்பக் கீழே உருட்டுவதுதான். ஒரு சுற்று முடிந்ததும் புதிதாக ஒன்றும் வராது. ஆகவே அந்த ஒரு சுற்றின் நீளத்துக்கு எடுத்தால் போதும், மிச்ச நேரம் வீண். இதை அவனிடம் மாமா சொன்னதாகச் சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு வந்துவிடுவான்.

அதுவரை காபி கொண்டுபோய்க் கொடுக்கலாம். டம்ளரை மவுஸ் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். ஒரு இடி இடித்தால் கேமரா திரும்பிவிடும், 600 ஃபிரேமும் போச்சு.